துரைக்குக் கொடுத்த வழி

வங்கிக்காரன் ஒரு ஊருக்கு மாற்றலாகிப் போனால் முதலில் பார்ப்பது விடுமுறைப் பட்டியலைத்தான். ஷில்லாங்குக்கு வந்து சேர்ந்த வாரம் நானும் அதைத்தான் பார்த்தேன். ஜூலை 17, உ திரோத் சிங் நினைவு நாள். டிசம்பர் 12, பா டோகன் சங்மா. டிசம்பர் 30, உ கியாங் நங்பா. மூன்று பேரையும் எனக்குத் தெரியாது. 'மூன்று நாள் கூடுதல் லீவு' என்பதோடு சந்தோஷப்பட்டு, ஊரிலிருந்து கொண்டு வந்த முறுக்கு டப்பாவைத் திறந்தேன்.

மூன்று பேரும் வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காசி மலைக்காரர் ஒருவர், காரோ மலைக்காரர் ஒருவர், ஜைந்தியா மலைக்காரர் ஒருவர். கட்டபொம்மனையும் வேலுத்தம்பியையும் கேட்டு வளர்ந்த நாகர்கோவில்காரனுக்கு இது புதிய கதை அல்ல. ஆனால் திரோத் சிங்கின் கதை ஒரு ரோட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்த ரோட்டில் நான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அதனால் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். பற்று வரவு எழுதியே நாற்பத்தாறு வயதைத் தொட்டவன். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு எது பட்டதோ அதைத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், இல்லையென்றால் சைக்கிள் ஓட்டச் சொன்னார். கிளையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "சார், கிராவல் பைக் வாங்குங்க" என்று ஆசை காட்டினார். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹாண்டில்பார் வளைந்திருக்கும். ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம். தார் ரோட்டிலும் ஓடும், சரளையிலும் ஓடும். விலையைத் தங்கமணியிடம் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவள் அந்தப் பாதியையே இரண்டு முறை திருப்பிக் கேட்டாள்.

ஷில்லாங் டவுனுக்குள் சைக்கிள் ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. மலை ரோடு, இரண்டு பக்கமும் கார், நடுவே டாக்சி. காலை பத்து மணிக்கு போலீஸ் பஜாரில் நடந்து போகிறவன் காரில் போகிறவனை முந்துவான். "வண்டியே வராத வழி ஏதாவது இருக்கிறதா?" என்று எங்கள் கிளையின் தலைமைக் காசாளரைக் கேட்டேன். காசி அம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் 'காங்' என்று கூப்பிடுவேன், நம் அக்கா மாதிரி. நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னார், "மாவ்ப்லாங் போ. அங்கே இருநூறு வருஷமாக வண்டி வரவில்லை."

துணைக்குத் தன் தம்பி மகனை அனுப்புவார் என்று நினைத்தேன். இல்லை, தங்கை மகனை அனுப்பினார். இது ஒரு முக்கியமான வித்தியாசம். காசிகளுக்குக் குலம் தாய் வழி. பிள்ளைக்கு அம்மாவின் குலப்பெயர். குடும்பச் சொத்து கடைசி மகளுக்கு. தம்பி மகன் தம்பி மனைவியின் குலம், தங்கை மகன்தான் தன் குலம். சியெம் என்று அழைக்கப்படும் தலைவர் பதவியும் அப்படித்தான், பெரும்பாலும் சகோதரியின் மகனுக்குப் போகும். கூட வேலை பார்க்கிற வடநாட்டு நண்பர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் எங்கள் தாத்தா காலம் வரை மருமக்கள்வழிதானே! 1926-இல் திருவிதாங்கூரில் சட்டம் வந்த பிறகுதான் அது மாறியது. கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி அதன் மானத்தை வாங்கியது தனிக்கதை. இதைக் காங்கிடம் சொன்னபோது முதன்முறையாக என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை. நான்காவது சனி, வங்கி விடுமுறை. நவம்பர் மாதம், மழை ஓய்ந்திருந்தது. ஷில்லாங்கிலிருந்து மாவ்ப்லாங் சுமார் 25 கிலோமீட்டர். 'மாவ்' என்றால் கல், 'ப்லாங்' என்றால் புல். இந்த மலையில் பாதி ஊர்ப் பெயர்கள் 'மாவ்' என்றுதான் ஆரம்பிக்கும். ஊருக்கு ஊர் நடுகற்கள் வேறு. நிற்கிற கல் ஆண், படுத்திருக்கிற பலகைக் கல் பெண்.

மாவ்ப்லாங்கில் ஒரு காடு இருக்கிறது, லாவ் லிங்டோ. சுமார் 190 ஏக்கர். சுற்றிலும் மொட்டைப் புல்வெளி, நடுவில் மட்டும் இருண்ட காடு. தெய்வத்தின் காடு, உள்ளேயிருந்து ஒரு இலைகூட எடுத்து வரக்கூடாது. எங்கள் பக்கத்துக் காவு போல. சைக்கிளை வெளியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே போய் வந்தோம். வெளியே வந்ததும் பையன் என் செருப்பைத் திருப்பிக் காட்டச் சொன்னான். அடியில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து, நான்கடி நடந்து போய், காட்டுக்குள் போட்டுவிட்டு வந்தான். வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போன பத்து ரூபாயைக் காங் திருப்பிக் கொடுக்கும் முகம் அப்படியே இருந்தது.

காட்டை ஒட்டித்தான் அந்தப் பாதை ஆரம்பிக்கிறது. பலகையில் டேவிட் ஸ்காட் பாதை என்று எழுதியிருக்கிறது. இங்கிருந்து லாட்மாவ்ப்லாங் வரை 16 கிலோமீட்டர். இது மிச்சம்தான். முழு வழி நூறு கிலோமீட்டர் அளவுக்கு, அசாம் சமவெளியில் ஏறி, இந்த மலை முழுவதையும் கடந்து, இன்று வங்காள தேசத்தில் இருக்கும் சில்ஹெட் பக்கம் இறங்கியது.

யார் இந்த ஸ்காட்? அதற்கு முன்னால் சில்ஹெட்டைப் பற்றி ஒரு பாரா. வங்கிக்காரர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம் :-)

காசி மலையின் தெற்குச் சரிவு சுண்ணாம்புக் கல். கீழே சில்ஹெட் சமவெளி, ஆறு, படகு. கல்லை இறக்கி, சுட்டு, நீற்றி, படகில் ஏற்றினால் கல்கத்தா. கம்பெனிக் காலத்தில் கல்கத்தாவில் எழும்பிய மாளிகைகளுக்குச் சில்ஹெட் சுண்ணாம்பு பேர்போன சரக்கு. 1770களின் கடைசியில் கம்பெனியின் அதிகாரியாகச் சில்ஹெட்டுக்கு வந்த ராபர்ட் லிண்ட்ஸே, உத்தியோகம் பார்த்ததோடு நிற்காமல் இந்தச் சுண்ணாம்பு வியாபாரத்திலும் இறங்கிப் பெரும் செல்வம் சேர்த்தார். அந்தக் காலத்தில் சில்ஹெட்டின் நிலவரி வசூலானது எதில் தெரியுமா? சோழியில்! மாலத்தீவிலிருந்து வந்த சோழி. நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பணம், பதினாறு பணம் ஒரு காகன், நான்கு காகன் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 5120 சோழி. ஒரு லட்ச ரூபாய் வரி என்றால் 51 கோடியே 20 லட்சம் சோழி. அதைப் படகு படகாக டாக்காவுக்கு அனுப்புவார்கள். தீபாவளி நேரத்தில் பத்து ரூபாய் நாணய மூட்டைகளை வாங்கிக்கொள்ள மூக்கைச் சுளித்த எங்கள் கிளை, அந்தச் சோழிப் படகுகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காசிகள் மலையிலிருந்து கமலா ஆரஞ்சு, பாக்கு, தேன், இரும்பு, சுண்ணாம்புக் கல் கொண்டு இறங்குவார்கள். அரிசி, உப்பு, கருவாடு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். வடக்கே அசாம் பக்கமும் இதே மாதிரி சந்தைகள். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அவர்களுக்கு ரோடு தேவைப்படவில்லை. முதுகில் கூம்புக் கூடை, நெற்றியில் பட்டை, காலடியில் ஒற்றையடிப் பாதை. போதும்.

ரோடு தேவைப்பட்டது கம்பெனிக்கு. 1824-இல் பர்மாவோடு சண்டை மூண்டது. 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை. பர்மா அசாமை விட்டுக்கொடுத்தது. கம்பெனியின் கையில் இப்போது வடக்கே பிரம்மபுத்திரா சமவெளியும் தெற்கே சுர்மா சமவெளியும் வந்துவிட்டன. நடுவில் இந்த மலை. குவாஹாட்டியிலிருந்து சில்ஹெட்டுக்குப் பட்டாளத்தை அனுப்ப வேண்டுமென்றால், பிரம்மபுத்திராவில் கீழே இறங்கி, காரோ மலையைச் சுற்றிக்கொண்டு, மறுபடி சுர்மாவில் எதிர்நீரில் ஏற வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். மலையைக் குறுக்கே வெட்டினால் சில நாட்கள்.

டேவிட் ஸ்காட் வடகிழக்கு எல்லைக்குக் கவர்னர் ஜெனரலின் ஏஜென்ட். 1824-இலேயே ஜைந்தியா மலையைக் கடந்து சில்ஹெட்டிலிருந்து அசாமுக்குப் போனவர், அப்படிப் போன முதல் ஐரோப்பியர். மலை குளிர்ச்சியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஜுரத்தில் விழும் வெள்ளைக்காரர்களுக்கு மேலே ஒரு ஆரோக்கிய நிலையம் கட்டலாம் என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. வழியில் இருந்தது நோங்க்லாவ் என்ற சிறு ராஜ்ஜியம். அதன் சியெம், திரோத் சிங்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். ஸ்காட் போய்க் கேட்டதும் திரோத் சிங் 'சரி' என்று சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. காசி சியெம் நம் ஊர் ராஜா மாதிரி கிடையாது. நிலம் அவருடையது அல்ல, குலங்களுடையது, ஊருடையது. எதையும் தர்பாரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தர்பார் கூடியது. வழி கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடாத ஒழுங்கைப் பார்த்து, உடனிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். (எங்கள் கிளை மேலாளர்கள் கூட்டத்துக்கு அவர்கள் வந்ததில்லை.) கடைசியில் சம்மதித்தார்கள்.

ஏன் சம்மதித்தார்கள்? மலையின் வடக்கு அடிவாரத்தில் போர்துவார் என்ற நிலப்பகுதி. அசாம் ராஜாக்கள் காலத்தில் அது நோங்க்லாவ் சியெம்கள் கையில் அனுபவத்தில் இருந்து, பிறகு போனது. அரிசியும் உப்பும் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். 'வழி கொடு, அந்த நிலத்தை மறுபடி வைத்துக்கொள்ள விடுகிறேன்' என்பது பேரம். மோசமான பேரமில்லை, சரக்குப் போக்குவரத்துக்கு ரோடும் ஆயிற்று.

1826 கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்தவற்றை என் மொழியில் சொல்கிறேன். கம்பெனிப் படைகள் போக வர வழி விடுவது. ரோடு போடுவது, செலவு கம்பெனியுடையது. போட்ட பிறகு பராமரிப்பது சியெம் பொறுப்பு. எதிரி வந்தால் கம்பெனி காப்பாற்றும். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியிலேயே ஒரு விஷயம்: திரோத் சிங் தானாக முன்வந்து கம்பெனிக்கு உட்பட்டு, தன் நாட்டை அதன் பாதுகாப்பில் வைக்கிறார்.

இருபது வருடமாகக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்குகிறவன் நான். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், தொகை எப்போது கணக்கில் ஏறும். முதல் பக்கத்து வாசகத்தை யாரும் படிப்பதில்லை. நாங்களும் படித்துக் காட்டுவதில்லை, உண்மையைச் சொன்னால். தர்பார் இரண்டு நாள் பேசியது ரோட்டைப் பற்றி. எழுதப்பட்டது நாட்டைப் பற்றி.

வேலை ஆரம்பித்தது. நோங்க்லாவில் பங்களாக்கள் எழும்பின. இரண்டு வருடத்துக்குள் கசந்தது. பக்கத்து ராணி ராஜ்ஜியத்து பல்ராம் சிங்கோடு போர்துவார் தகராறு வந்தபோது, திரோத் சிங் ஒப்பந்தத்தை நம்பி உதவி கேட்டார். கம்பெனி கைவிரித்தது. நிலத்தைப் பார்க்கப் போனவரைச் சிப்பாய்களே வழிமறித்தார்கள். இதற்கிடையில் கம்பெனியின் சேவகன் ஒருவன், 'ரோடு முடியட்டும், உங்களுக்கும் சமவெளிக்காரர்கள் மாதிரி வரி போடுவார்கள்' என்று மிரட்டியதாகவும் சொல்லப்படுகிறது. அவன் சொன்னானோ இல்லையோ, கேட்டவர்கள் நம்பினார்கள். நம்பக் காரணம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

1829 ஏப்ரல் 4. காசிகள் நோங்க்லாவ் பங்களாக்களைத் தாக்கினார்கள். லெப்டினன்ட் பெடிங்ஃபீல்டும் லெப்டினன்ட் பர்ல்டனும் கொல்லப்பட்டார்கள், சிப்பாய்கள் பலரும். பெடிங்ஃபீல்டைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துக் கொன்றார்கள். அது சரியில்லைதான், மறைத்து என்ன பயன்? ஸ்காட் அப்போது சோரா, அதாவது சிரபுஞ்சிப் பக்கம் போயிருந்ததால் தப்பினார்.

நான்கு வருடம் சண்டை. இந்தப் பக்கம் வில், வாள், கேடயம். அந்தப் பக்கம் துப்பாக்கி, சில்ஹெட் காலாட்படை, கேப்டன் லிஸ்டர். கிராமங்கள் எரிந்தன. ஆனால் காசிகளை மடக்கியது துப்பாக்கி மட்டுமல்ல. சமவெளிச் சந்தைகளை மூடினார்கள். அரிசி இல்லை, உப்பு இல்லை. மலையில் ஒளிந்திருப்பவனுக்குக் குண்டு எட்டாது, உப்பில்லாக் கஞ்சி எட்டும். 1833 ஜனவரியில் திரோத் சிங் உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு சரணடைந்தார். டாக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1835 ஜூலை 17-இல் அங்கேயே இறந்தார். அந்தத் தேதிதான் என் விடுமுறைப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்தின வருடமே நோங்க்லாவில் மருமகன் ரஜன் சிங்கை உட்கார வைத்து, ரோடு போட்டுக்கொள்ளப் புது ஒப்பந்தமும் வாங்கிவிட்டார்கள்.

ஸ்காட் அதுவரைகூட இல்லை. 1831 ஆகஸ்ட் 20-இல் நாற்பத்தைந்து வயதில் சிரபுஞ்சியில் இறந்துபோனார். அங்கே இன்றும் அவருக்கு அரசாங்கம் எழுப்பிய நினைவுத் தூண் நிற்கிறது. என்னைவிட ஒரு வயது சின்னவர் என்பதை அங்கே நின்று கணக்குப் போட்டபோது ஒரு மாதிரி இருந்தது.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

முதல் பகுதி இறக்கம். பாதை ஆறடி எட்டடி அகலம் இருக்கும். மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நிதானமாக இறங்குகிறது. குதிரையும் சுமை மாடும் போக வேண்டும் என்பதால் சரிவை அளந்து வெட்டியிருக்கிறார்கள். கல் பாவியது அழகுக்கு அல்ல. சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை பன்னிரண்டு மாதத்தில் பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். வெறும் மண் பாதை என்றால் ஒரு பருவத்தில் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். இடையிடையே கல் பெயர்ந்து சரளையாகக் கிடக்கிறது, அங்கே என் 40 மில்லிமீட்டர் டயர் நன்றாகப் பிடித்தது. பாவிய கல் மேல்தான் ஆபத்து. பாசி. முன் பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. பையன் தன் பழைய எம்டிபி சைக்கிளில் கால் ஊன்றாமல் இறங்கினான். நான் பத்து தரம் ஊன்றினேன், ஒரு தரம் உட்கார்ந்தேன்.

சத்தம் என்றால் தண்ணீர் சத்தம், டயருக்கு அடியில் கல் நொறுங்கும் சத்தம், அவ்வளவுதான். ஷில்லாங்கில் ஒரு வருடமாகக் காதில் இருந்த ஹார்ன் சத்தம் மூன்றாவது கிலோமீட்டரில்தான் நின்றது.

கீழே ஆறு. கடந்தால் ஏற்றம். ஏற்றத்தில் படிக்கட்டு மாதிரி கல் அடுக்கு வருகிறது, சைக்கிளைத் தோளில் போட வேண்டியதுதான். பத்து கிலோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நான் மூச்சு வாங்கி நின்றபோது, அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள், முதுகுக் கூடை நிறைய உருளைக்கிழங்கு, நெற்றிப் பட்டையில் பாரம், வாயில் வெற்றிலை, என்னைத் தாண்டி ஏறிப் போனார். தாண்டும்போது பையனிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "சைக்கிள் உங்கள் மேல் சவாரி செய்வதை இப்போதுதான் பார்க்கிறாராம்."

அந்த உருளைக்கிழங்கும் ஸ்காட் கொண்டு வந்ததுதான். 1830 வாக்கில் இந்த மலையில் அதைப் பயிர் செய்து பார்க்க வைத்தவர் அவர். பட்டாளத்துக்குப் போட்ட ரோட்டில் இன்று பட்டாளம் இல்லை, உருளைக்கிழங்கு போகிறது.

ரோடு ஏன் செத்தது என்பதும் கணக்குத்தான். மலை மாவட்டத் தலைமையிடம் 1860களில் சிரபுஞ்சியிலிருந்து ஷில்லாங்குக்கு மாறியது. 1874-இல் அசாம் தனி மாகாணமாகி ஷில்லாங் தலைநகரானது. குவாஹாட்டியிலிருந்து நோங்போ வழியாக மாட்டு வண்டி ரோடு வந்தது. சக்கரம் அந்தப் பக்கம் போனதும், குதிரைப் பாதையைக் கவனிக்க ஆளில்லை. 1897 ஜூன் 12 பூகம்பத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டம். மிச்ச வியாபாரத்தை முடித்து வைத்தது 1947. ஜூலையில் சில்ஹெட்டில் வாக்கெடுப்பு, ஜில்லாவின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. தெற்குச் சரிவு ஆரஞ்சுத் தோட்டக்காரர்களுக்கு, காலையில் இறங்கி மாலையில் ஏறுகிற சந்தை ஒரே நாளில் வெளிநாடானது. 2011-க்குப் பிறகு எல்லைச் சந்தைகள் சில திறந்தார்கள், பாலாட்டில் ஒன்று. அது பழைய சில்ஹெட் சந்தை ஆகாது.

ரோட்டோடு வேறொன்றும் வந்தது. 1841-இல் சில்ஹெட் பக்கமிருந்து ஏறி சிரபுஞ்சி வந்த வேல்ஸ் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ், காசி மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்தார். தன் ஊர் எழுத்துக்கூட்டலின்படி அமைத்தார். அதனால்தான் கணக்குத் திறக்கும் படிவத்தில் ஒரு பெயரை எழுத்துப் பார்த்துப் படித்தால் நான் ஒன்று சொல்வேன், அவர்கள் வேறொன்றுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். இன்றும் கூப்பிடுவதற்கு முன் காங்கிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.

பாதி வழியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, தங்கமணி கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். பையன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சார், நீங்கள் இங்கே நிலம் வாங்க முடியாது, தெரியுமா?" என்று கேட்டான். கேள்வியில் விஷமம் இல்லை, தகவல்தான். தெரியும் தம்பி என்றேன். 1971-ஆம் வருடத்து மேகாலயா நில மாற்றச் சட்டம். உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் பழங்குடி அல்லாதவருக்கு நிலம் கைமாற முடியாது. வங்கிக்காரனுக்கு அது தினசரித் தலைவலி. நிலத்தை ஈடாகக் காட்டிக் கடன் கேட்டு வருவார்கள், கடன் நின்றுபோனால் ஏலத்தில் யாருக்கு விற்பது? வந்த புதிதில் இதைப் பற்றி மண்டல அலுவலகத்துக்குக் காரசாரமாக ஒரு குறிப்புகூட எழுதினேன். 'இந்தச் சட்டம் தொழில் வளர்ச்சிக்குத் தடை' என்ற தோரணையில்.

வெளியாட்களுக்கு இங்கே 'ட்கார்' என்று பெயர். வசவாகவும் சொல்வார்கள், சாதாரணமாகவும் சொல்வார்கள். என் மகளைப் பள்ளியில் ஒருத்தி அப்படிச் சொன்னாள் என்று அவள் அழுதுகொண்டு வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மும்பையில் என் மாமா 'மதராசி' கேட்டதும், பெங்களூரில் நான் கேட்டதும் எல்லாம் சேர்ந்து வந்தது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம் எல்லாருக்கும் இந்தச் சொல் ஏதாவது ஒரு மொழியில் காத்திருக்கிறது. அந்தக் கோபம் இப்போதும் முழுக்கப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நாள் தர்பார் கூடி, யோசித்து, நல்ல மனதோடு வழி கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று படித்த பிறகு, அந்த அலுவலகக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தொகையும் விதி எண்ணும் சரியாக இருந்தன. மற்றதை இப்போது எழுதினால் அப்படி எழுத மாட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு லாட்மாவ்ப்லாங். சோரா போகும் தார் ரோடு, டூரிஸ்ட் கார்கள், ஹார்ன். 16 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம். ஓட்டியது முக்கால், தூக்கியது கால்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். முழுதும் ஓட்டலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், குழந்தைகளை நடத்தியே கூட்டிப் போகலாம். திரும்பி வர லாட்மாவ்ப்லாங்குக்கு வண்டி சொல்லி வையுங்கள்.

திங்கட்கிழமை காலை காசு அறையைத் திறக்கும்போது காங் கேட்டார், "பாதை எப்படி?" நன்றாக இருந்தது, டேவிட் ஸ்காட் நல்ல ரோடு போட்டிருக்கிறார் என்றேன். சாவியைத் திருப்பிக்கொண்டே, "ஸ்காட் கல் தூக்கினாரா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேரும் இருப்பை எண்ணிக் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு தன் பையிலிருந்து க்வாய் எடுத்து நீட்டினார். பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. இந்த மலையில் வந்தவருக்கு முதலில் தருவது அதுதான். முன்பெல்லாம் தூரத்தையே இத்தனை க்வாய் தூரம் என்று, மென்று தீர்க்கிற கணக்கில் சொல்வார்களாம். மாவ்ப்லாங் பாதை எத்தனை க்வாய் தூரம் என்று கேட்டேன். "எனக்கா, உனக்கா?" என்றார். வாயில் போட்டேன். எங்கள் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு நினைப்பில் கொஞ்சம் கூடத் தடவிவிட்டேன் போல, மதியம் வரை நாக்கு வெந்துபோய் ரசம் சாதம்கூட இறங்கவில்லை.